சளி மருந்துக்குள் என்ன இருக்கிறது?



வாடைக்காற்று வீசத் தொடங்கிவிட்டால் நம் தூத்துக்குடியில் தும்மல் கேட்காத தெரு இல்லை. தடுமன் வந்தால் பலர் மருத்துவரிடம் போவதில்லை. நேராக மருந்துக்கடைக்குப் போய், "அண்ணாச்சி, தடுமனுக்கு ஒரு செட் மாத்திரை தாங்க" என்று கேட்கிறோம். அவரும் மூன்று நான்கு மாத்திரைகளைக் கத்தரித்து, சின்னக் காகித உறையில் போட்டுத் தருகிறார். மாத்திரையின் பெயரோ, காலாவதி தேதியோ, உள்ளே என்ன மருந்து இருக்கிறது என்பதோ அந்த உறையில் இல்லை. இன்று நான் பேச வந்தது அந்த உறைக்குள் இருப்பதைப் பற்றி.

சளிக்கான கூட்டு மருந்து என்பது ஒரே மாத்திரையில் அல்லது ஒரே சிரப்பில் பல மருந்துகள் சேர்ந்தது. பெரும்பாலும் மூன்று வகை இருக்கும். காய்ச்சலுக்கும் உடல்வலிக்கும் பாராசிட்டமால். மூக்கொழுகலையும் தும்மலையும் குறைக்கக் குளோர்ஃபெனிரமின் போன்ற ஒவ்வாமை மருந்து. மூக்கடைப்பைத் திறக்க ஃபினைலெஃப்ரின் அல்லது சூடோஎஃபெட்ரின். சில சிரப்புகளில் இருமலை அடக்கும் மருந்தும் சேர்ந்திருக்கும். இவற்றில் எதுவும் சளியை உண்டாக்கும் வைரஸைக் கொல்வதில்லை. தொந்தரவைக் கொஞ்சம் தணிக்கின்றன, அவ்வளவுதான். சாதாரணச் சளி ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே சரியாகிவிடும்.

முதல் ஆபத்து, ஒரே மருந்தை நமக்குத் தெரியாமலே இரண்டு முறை சாப்பிடுவது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சளி மாத்திரை ஒன்றில் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கிறது. அதை மூன்று வேளை போட்டால் 1,500. காய்ச்சலும் அடிக்கிறதே என்று 650 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரையைத் தனியாக நான்கு வேளை போட்டால் 2,600. இரண்டும் சேர்ந்தால் 4,100 மில்லிகிராம். நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கே ஒரு நாளின் உச்ச வரம்பு 4,000 மில்லிகிராம்தான். அதைத் தாண்டினால் கல்லீரல் பாதிக்கப்படலாம். தினமும் மது அருந்துகிறவருக்கும், கல்லீரல் ஏற்கெனவே கெட்டவருக்கும் அதற்குக் குறைவான அளவே ஆபத்தாகலாம். இரண்டு மாத்திரைகளுக்கும் பெயர் வேறு, நிறம் வேறு. ஆனால் உள்ளே இருப்பது ஒன்றேதான். அட்டையின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

அடுத்தது மூக்கடைப்பு மருந்து. சளி பிடித்தால் மூக்கின் உள்தோலில் இரத்தக் குழாய்கள் வீங்குகின்றன. அவற்றைச் சுருக்குவதுதான் இந்த மருந்தின் வேலை. ஆனால் மாத்திரையாக விழுங்கினால் அது மூக்கோடு நிற்காது. உடம்பு முழுவதும் உள்ள இரத்தக் குழாய்களையும் சுருக்கும், நெஞ்சு படபடக்கும். உயர் இரத்த அழுத்தம், இதய நோய், தைராய்டு மிகைப்பு, கண் நீர் அழுத்தம், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. இத்தனைக்கும், வாய்வழியாக எடுக்கும் ஃபினைலெஃப்ரின் மூக்கடைப்புக்குப் பயன் தருவதில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொன்னது. மூக்கில் விடும் சொட்டு மருந்து வேகமாக வேலை செய்யும். ஆனால் நான்கைந்து நாளுக்கு மேல் விட்டால், மருந்தை நிறுத்தியதும் மூக்கு முன்னைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும்.

இந்த இடத்தில் நம் கடற்கரைக்கே உரிய ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. ஆனால் கடலில் முங்குவது நிற்கவில்லை. திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தச் சகோதரர்களும் அவர்கள் வீட்டாரும் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

பத்து மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் சேர்ந்து, மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு ஆகிறது. காதின் உள்ளறைக்குத் தொண்டையிலிருந்து ஒரு சிறு குழாய் போகிறது. முங்குகிறவர் மூக்கைப் பிடித்து ஊதும்போது அந்தக் குழாய் வழியாகத்தான் காதுக்குக் காற்றுப் போய் அழுத்தம் சமமாகிறது. தடுமன் பிடித்தால் அந்தக் குழாய் வீங்கி அடைத்துவிடும். அப்போது முங்கினால் காதுச் சவ்வு உள்ளே இழுபட்டு வலிக்கும், கிழியவும் செய்யும். கிழிந்த காதுக்குள் தண்ணீர் போனால் தலை சுற்றி, மேல் எது கீழ் எது என்ற திசையே தெரியாமல் போகும்.

"ஒரு மாத்திரை போட்டால் காது திறந்துவிடும், தொழிலுக்குப் போய்விடலாம்" என்று நினைப்பதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. கரையில் போட்ட மாத்திரை முங்கும்போது உதவலாம். ஆழத்தில் இருக்கும்போது அதன் வேகம் தணிந்தால் குழாய் மறுபடி அடைத்துக்கொள்ளும். மேலே வர வர உள்ளே சிக்கிய காற்று விரியும், வெளியேற வழி இருக்காது. இறங்கும்போது வலித்தால் திரும்பிவிடலாம். ஏறும்போது வலித்தால் கடலுக்கடியில் தங்கிவிட முடியுமா? கம்ப்ரசர் குழாயில் காற்று வாங்கி முங்குகிறவருக்கு நெஞ்சில் சளி இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். சளி அடைத்த நுரையீரல் பகுதியில் காற்று சிக்கி, மேலே வரும்போது விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும். ஆகவே தடுமன் இருக்கும் நாளில் கடலில் இறங்காதீர்கள். ஒரு நாள் வருமானம் போவது கஷ்டம்தான், அது எனக்குத் தெரியும். ஆனால் காதும் நுரையீரலும் போனால் அந்தத் தொழிலே போய்விடும்.

கரையில் வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. துறைமுகத்தில் கிரேன் இயக்குகிறவர்கள், கன்டெய்னர் லாரியும் உப்பு லாரியும் ஓட்டுகிறவர்கள், இரவுப் பணி பார்க்கிறவர்கள் எத்தனையோ பேர் இந்த ஊரில் உண்டு. குளோர்ஃபெனிரமின் தூக்கத்தைக் கொண்டுவரும். கண் திறந்திருந்தாலும் கையும் காலும் தாமதமாக வேலை செய்யும். இதனோடு மது சேர்ந்தால் மயக்கம் பல மடங்காகும். இந்த மாத்திரை போட்ட வேளையில் வண்டியையோ இயந்திரத்தையோ தொடாதீர்கள்.

இனி குழந்தைகள். 2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் குழந்தைகள் ஒருவர்பின் ஒருவராகச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது கோல்ட்ரிஃப் என்ற சளி, இருமல் சிரப். அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனையில், ஒரு தொகுதி மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு வேதிப்பொருள் 48.6 சதவீதம் இருந்தது தெரியவந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 சதவீதம். அக்டோபரில் அந்த மருந்து தடை செய்யப்பட்டு, நிறுவனத்தின் உரிமமும் ரத்தானது. ஆனால் அதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட பிஞ்சு உயிர்கள் போய்விட்டன.

அந்த நச்சைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க எந்தத் தாயாலும் முடியாது. அதைத் தடுப்பது ஆலையின் கடமை, அரசின் கடமை. அந்தக் கடமையில் தவறியவர்களை மன்னிக்க முடியாது. நம் கையில் இருப்பது வேறொன்று. கோல்ட்ரிஃப் ஒரு கூட்டு மருந்து. பாராசிட்டமால், குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் மூன்றும் சேர்ந்தது. குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக் கூடாது என்று இந்தியத் தலைமை மருந்துக் கட்டுப்பாட்டாளர் 2023 டிசம்பரிலேயே அறிவுறுத்தியிருந்தார். நச்சுக் கலக்காவிட்டாலும் அது சின்னக் குழந்தைகளுக்கு உரிய மருந்து அல்ல. 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சளி, இருமல் மருந்து எழுதவே கூடாது, 5 வயது வரை பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் மீண்டும் சொன்னது.

அப்படியானால் குழந்தைக்கு என்ன செய்வது? தாய்ப்பால், வெதுவெதுப்பான தண்ணீர், கஞ்சி இவற்றில் குழந்தையின் வயதுக்கு ஏற்றதை அடிக்கடி கொடுங்கள். மூக்கடைத்தால் உப்பு நீர்ச் சொட்டு மருந்து விடலாம். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு இரவில் கொஞ்சம் தேன் கொடுத்தால் இருமல் தணியும். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. கொதிக்கும் தண்ணீரில் குழந்தைகளுக்கு வேது பிடிக்காதீர்கள், பாத்திரம் கவிழ்ந்தால் உடம்பு வெந்துவிடும். மருத்துவர் சிரப் எழுதினால், பாட்டிலோடு வரும் அளவுக் குப்பியில் அளந்து கொடுங்கள். சமையலறைக் கரண்டியில் வேண்டாம். அண்ணனுக்கு எழுதிய மருந்தைத் தம்பிக்குக் கொடுக்க வேண்டாம். மருந்து கொடுத்தபின் குழந்தை வாந்தி எடுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

பெரியவர்களுக்கு ஓய்வு, உப்புத் தண்ணீரில் தொண்டை கொப்பளிப்பு, உடன்குடிக் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி, இவையே பெரும்பாலும் போதும். நீரிழிவு உள்ளவர்கள் கருப்பட்டி இல்லாமல் குடியுங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சல், சளியில் இரத்தம் இவை இருந்தால் மருந்துக்கடைக்கு அல்ல, மருத்துவரிடம் போங்கள். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் அரசு மருத்துவமனையில் காசநோய்ப் பரிசோதனை இலவசம். சந்தேகம் கேட்க 104 என்ற எண் இருக்கிறது. அவசரத்துக்கு 108.

நேயர்களே, அடுத்த முறை மருந்துக்கடையில் நிற்கும்போது "ஒரு செட் மாத்திரை" என்று கேட்காதீர்கள். என்ன தொந்தரவு என்று சொல்லுங்கள். உங்களுக்கு இருக்கும் நோய்களையும், தினமும் சாப்பிடும் மருந்துகளையும், நீங்கள் செய்யும் வேலையையும் சொல்லுங்கள். பெயர் தெரியும்படி அட்டையோடு வாங்குங்கள், ரசீது கேளுங்கள். "இதில் என்னென்ன மருந்து இருக்கிறது?" என்று கேட்காமல் எதையும் விழுங்காதீர்கள். கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்வது மருந்தாளுநரின் கடமை.