காவலும் நம்பிக்கையும்



காவலரிடம் மக்களுக்கு நம்பிக்கை எவ்வாறு பிறக்கும்? சேலம், நாமக்கல் சமவெளியின் வரலாறு இதற்கு விடை கூறுகிறது.

இங்கு வாழும் உப்புக் குறவரின் முன்னோர், கால்நடைகளின் மேல் பொதியேற்றி ஊர்தோறும் உப்பு விற்றவர்கள். புகைவண்டி வந்தபின் அவ்வாணிகம் நலிந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்தை எட்டியது. அதன் பட்டியலில் இவர்களும் சேர்க்கப்பட்டனர். கைரேகை பதிக்க வேண்டும். வெளியூர் செல்ல அனுமதி பெற வேண்டும். பிறப்பே குற்றமாயிற்று! காவலரைக் கண்டு அஞ்சி ஒளிபவர், தமக்குத் தீங்கு நேரும்போது அவரிடம் முறையிடத் துணிவாரா?

அச்சட்டம் இம்மாகாணத்தில் 1947-இலும், நாடெங்கும் 1952-இலும் நீங்கியது. ஆயினும் சட்டம் மறைந்த அன்றே சந்தேகம் மறைந்துவிடுவதில்லை.

1993-இல் இராமநாதபுரத்தில் காவல் கண்காணிப்பாளர் பிரதீப் பிலிப், பொதுமக்களைக் காவற்பணிக்குத் துணையாக்கும் 'காவல்துறை நண்பர்கள்' அமைப்பைத் தொடங்கினார். அது மாநிலமெங்கும் பரவியது. 2020-இல் சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் உயிரிழந்தபின், அரசு அவ்வமைப்பைத் தடை செய்தது.

நண்பர் என்ற பெயர் மட்டும் நம்பிக்கையைத் தந்துவிடாது. குலத்தைக் கேளாமல் குறையைக் கேட்கும் காவல் நிலையத்திற்கே மக்கள் அச்சமின்றி வருவார்கள்.