பழைய காரும் ஆயில் சொட்டும்



விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கத் தெருக்களில் பழைய அம்பாசடரும் மாருதி 800-உம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இரண்டின் உற்பத்தியும் 2014-லேயே நின்றுவிட்டது. இந்த வண்டிகளைக் காலையில் நகர்த்தினால் தரையில் கருப்பாக ஒரு சொட்டு கிடக்கும். பார்க்கிறவர்கள் உடனே, "ஆயில் சீல் போயிருச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பில் அவ்வளவாக நம்பிக்கையில்லை.

சீலுக்கும் வயதாகும், மறுக்கவில்லை. சுழலும் தண்டைச் சுற்றி ரப்பர் உதடு ஒன்று கவ்விக்கொண்டிருக்கிறது. அந்தப் பிடி தளராமலிருக்க உள்ளே மெல்லிய ஸ்பிரிங் வளையம் ஒன்று இருக்கும். எஞ்சின் சூட்டில் வருஷக்கணக்காக வெந்தால் அந்த ரப்பர் விறைத்துப்போகும். சிவகாசி அச்சகங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மெஷினில் ரப்பர் ரோலர் பளபளவென்று கெட்டிப்பட்டுப்போனால் மையைச் சரியாக வாங்காது அல்லவா, அதே கதைதான். நம் ஊர் வெயிலில் மாதக்கணக்கில் நிறுத்திவைத்துவிட்டு, தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுக்கிற வண்டியில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

ஆனாலும் சீலைக் குறை சொல்லுமுன் பிரீத்தர் குழாயைப் பாருங்கள். சிலிண்டரில் எரியும் வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே, ஆயில் இருக்கும் அறைக்குள் இறங்கிவிடும். அது வெளியேறும் வழிதான் பிரீத்தர். ஆயிலும் தூசியும் கலந்து களியாகி அந்த வழியை அடைத்துவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். எந்த ஓரம் பலவீனமோ அந்த ஓரமாக ஆயிலைத் தள்ளும். அப்போது புது சீல் போட்டாலும் ஒரே மாதத்தில் மறுபடி ஒழுகும். பழி மட்டும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்மேல் விழும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று வந்தால் பிரீத்தர் அடைத்திருக்கிறது; அதைச் சுத்தம் செய்த பிறகும் அப்படியே வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. டிப் ஸ்டிக்கில் அளவுக்கோட்டைத் தாண்டி ஆயில் நிற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, கசியும் இடத்தைக் கண்டுபிடிப்பது. எஞ்சினை நன்றாகக் கழுவிக் காயவைத்து, சந்தேகப்படும் இடங்களில் முகப் பவுடரைத் தூவி, கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரக்கோடு எந்த உயரத்தில் தொடங்குகிறதோ அங்கேதான் கோளாறு. ஆயில் வழிந்து கீழே இறங்கும், காற்றில் பின்னாலும் போகும். தரையில் கிடக்கும் சொட்டை நம்பி அடியில் இருக்கும் ஆயில் தொட்டியின் (சம்ப்) பேக்கிங்கை மாற்றினால் காசுதான் வீண்.

பெரும்பாலும் எஞ்சினின் மேல்மூடியான டேப்பெட் கவரின் பேக்கிங்தான் மாட்டும். ஒழுகுகிறதே என்று போல்ட்டை முறுக்கி முறுக்கித் தகரக் கவரின் ஓட்டை ஓரங்கள் உள்வாங்கியிருக்கும். கவரைக் கழற்றித் தட்டையான கட்டையில் வைத்து அந்த ஓரங்களைத் தட்டிச் சமன்செய்த பிறகே புது பேக்கிங் போட வேண்டும். பசையை அப்பிவிடாதீர்கள், பிதுங்கி உள்ளே விழுந்த துண்டு ஆயில் பம்ப் வலையை அடைக்கும்.

மாருதியில் முன்பக்க கிராங்க் சீல், கேம் சீல் கசிந்தால் தள்ளிப்போடவே கூடாது. ஆயில் பட்டால் டைமிங் பெல்ட் கெட்டுவிடும்; அது அறுந்தால் வண்டி நடுரோட்டில் நிற்கும். பெல்ட் மாற்றும்போதே சீல்களையும் மாற்றிவிடச் சொல்லுங்கள். ஸ்பிரிங் இருக்கும் பக்கம் ஆயிலைப் பார்த்திருக்க வேண்டும்; உதட்டில் ஆயில் தடவி, சரியான விட்டமுள்ள குழாய்த்துண்டை வைத்துச் சீராகத் தட்டி இறக்க வேண்டும். தண்டில் பழைய சீல் காடி போட்டிருந்தால், இடமிருக்கும் பட்சத்தில், புதியதை ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைப்பார் தேர்ந்த மெக்கானிக்.

பழைய 1489 சிசி பெட்ரோல் அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சேதி. அதன் கிராங்க் பின்பக்கத்தில் ரப்பர் சீலே கிடையாது. தண்டில் வெட்டிய மரைதான் சுழலும்போது ஆயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. சரிவில் நிறுத்தினால் இரண்டு சொட்டு விழத்தான் செய்யும். அதற்காக கியர்பாக்ஸை இறக்கச் சொன்னால் வேண்டாமென்று வந்துவிடுங்கள்.

கசிவை நிறுத்தும் என்று பாட்டிலில் விற்கும் மருந்து, விறைத்த ரப்பரைக் கொஞ்சம் இளக்கும்; கிழிந்ததை ஒட்டாது. தற்காலிகத்துக்கு ஊற்றலாம்.

ஆனால் சூடான எக்ஸாஸ்ட் குழாய்மேல் ஆயில் விழுந்து புகைகிற வண்டியை, பட்டாசு ஆலைக்கோ குடோனுக்கோ எடுத்துப் போகாதீர்கள். எஞ்சினைப் பெட்ரோலில் கழுவுவதும் வேண்டாம். பின்பக்க சீல் கசிந்து கிளட்ச் வழுக்கத் தொடங்கிய மாருதியில் மட்டும் கியர்பாக்ஸை இறக்கியே தீர வேண்டும். இறக்கும்போது கிளட்ச் பிளேட்டையும் சேர்த்தே பார்த்துவிடுங்கள், கூலி ஒரு தடவையோடு போகும்.