இரவு வேலையும் பசியும்

சீனன்குடாவில் இரவு வேலை முடித்துத் தூக்கமில்லாமல் வருகிறவர் இரண்டு துண்டு பாண் கூடுதலாகக் கேட்டால், வாயைக் கட்டத் தெரியாதவர் என்பார்கள். வாய் பாவம், பசியைத் தீர்மானிப்பது மூளை. 1951இல் இந்திய உடலியங்கியலாளர் பி. கே. ஆனந்தும் அமெரிக்கரான ஜோன் புரோபெக்கும் எலியின் மூளையில் ஹைபோதலமஸின் பக்கப்பகுதியைச் சேதப்படுத்தியபோது, உணவு முன்னால் இருந்தும் எலி தின்னவில்லை. ஹைபோதலமஸுக்குச் சேதி கொண்டுபோகும் மூலக்கூறுகள் பிறகுதான் பிடிபட்டன: 'போதும்' என்று கொழுப்புத் திசு அனுப்பும் லெப்டின் 1994இல், 'சாப்பிடு' என்று இரைப்பை அனுப்பும் கிரெலின் 1999இல். 2004இல் வெளியான சிக்காகோ ஆய்வில், 12 இளைஞர்கள் இரண்டு இரவுகள் நான்கு மணிநேரமே படுக்க விடப்பட்டார்கள். பத்து மணிநேரம் படுத்த நாட்களோடு ஒப்பிட்டால் லெப்டின் 18 சதவீதம் குறைவு, கிரெலின் 28 சதவீதம் அதிகம்.

பன்னிரண்டு பேரை வைத்து உலகத்தை அளப்பதா என்று கேட்கலாம். நியாயம்தான், பின்வந்த ஆய்வுகளில் இந்த ஹோர்மோன் அளவுகள் ஒன்றுபோல வரவில்லை. ஆனால் தூக்கம் குறைந்தவர் கூடுதலாகச் சாப்பிடுகிறார் என்பது திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் லெப்டினை ஊசியாகப் போட்டால் பசி தீராதா? பிறவியிலேயே லெப்டின் இல்லாத மிகச் சிலருக்கு அது அருமருந்து. பருமனான மற்றப் பெரும்பாலோரின் இரத்தத்திலோ லெப்டின் ஏற்கனவே மிகுதி. மூளைதான் அதற்குச் செவிசாய்ப்பதில்லை.