பொற்பலகை இடுவித்த பெருமான்



மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், சதுரகிரிச் சுந்தரமகாலிங்கப் பெருமானை நாடித் தாணிப்பாறைக்குச் செல்லும் அடியார்கள் கடந்து போகும் வழியில் அமைந்திருப்பது நம் மகாராஜபுரம். ஆடி அமாவாசை நாளில் இவ்வழியே செல்லும் அடியார் கூட்டத்தைக் கண்டவர்கள் இதன் பெருமையை அறிவர். இத்தகைய ஊரில், இத்திருவிழா நன்னாளில், உங்கள் முன் நின்று சில சொற்கள் சொல்லும் பேற்றைத் திருவருள் எனக்குத் தந்திருக்கின்றது.

முதலில் உங்களை ஒன்று கேட்கிறேன். இன்று மாலை வீட்டிலிருந்து புறப்பட்டு இப்பந்தலுக்கு வந்து சேரும் வரை என்னென்ன கண்டீர்கள்? வாசலில் கோலம் இருந்தது. வீதியில் மாவிலைத் தோரணம் இருந்தது. கோயிலில் நாகசுரம் ஒலித்தது. பெருமான் திருமார்பில் மாலை விளங்கியது. இவையெல்லாம் உங்கள் கண்ணிலும் காதிலும் பட்டிருக்கும். ஆனால் பட்டதற்கும் கண்டதற்கும் வேற்றுமை உண்டு. அந்தக் கோலத்தில் எத்தனை புள்ளிகள் என்று யாரேனும் சொல்ல முடியுமா? மாலை எவ்வகைத் தொடையல் என்று சொல்ல முடியுமா?

உங்களைக் குறை கூறுவதற்காக நான் இதனைக் கேட்கவில்லை. குற்றவாளி நானே. என் தாயார் நாள் தவறாமல் விடியற்காலையில் எழுந்து, சாணம் தெளித்து, அரிசி மாவினால் கோலமிடுவார். ஒருநாள் இட்ட கோலத்தை மறுநாள் இடமாட்டார். நான் பள்ளிக்கும் பிறகு பணிக்கும் விரைந்தவன். நாள்தோறும் அதன் மீதே கால் வைத்துச் சென்றவன். ஒரு நாளேனும் நின்று, “அம்மா, இன்றைய கோலம் அழகாக இருக்கிறது” என்று சொன்னதில்லை. அவர் சிவப்பேறு எய்திய மறுநாள் காலை, வெறுமையாகக் கிடந்த வாசலைப் பார்த்தேன். அவர் இட்ட ஆயிரமாயிரம் கோலங்களுள் ஒன்றையாவது நினைவிற்குக் கொண்டுவர முயன்றேன். ஒன்றும் முழுமையாக வரவில்லை. அன்றுதான் நான் இழந்தது இன்னதென்று எனக்குத் தெரிந்தது. அன்பர்களே, அந்தக் குற்றவுணர்வே இன்றைய பேச்சிற்குத் தோற்றுவாய்.

இனிப் புராணத்திற்கு வருவோம். திருநீலகண்ட யாழ்ப்பாணர் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். எருக்கத்தம்புலியூரில் தோன்றிய பெரும்பாணர் அவர். மதுரைக்கு வந்தார், ஆலவாய்த் திருக்கோயிலின் வாயிலில் நின்று யாழ் மீட்டிப் பெருமானின் புகழைப் பாடினார். அந்நாளைய வழக்கப்படி பாணர் உள்ளே செல்லவில்லை. பெருமான் அன்றிரவே அடியார்களின் கனவில் தோன்றி, அவரைத் தம் திருமுன்பு அழைத்து வருமாறு பணித்தருளினார். மறுநாள் பாணர் திருமுன்பில் தரையில் அமர்ந்து வாசித்தார். அப்போது ஒரு வாக்கு எழுந்தது. தரையின் குளிர்ச்சி தாக்கினால் யாழின் நரம்புக் கட்டுத் தளர்ந்துவிடும். ஆகவே பலகை இடுங்கள் என்பது அதன் கருத்து. அடியார்கள் பொற்பலகை இட்டார்கள் என்று சேக்கிழார் பெருமான் அருளுகின்றார்.

இந்த இடத்தில் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். பெருமான் பாணருக்கு முத்தி தருகிறேன் என்று அப்போது சொல்லவில்லை. பொற்கிழி தருகிறேன் என்றும் சொல்லவில்லை. யாழுக்கு ஈரம் ஆகாது என்றார்! இசையைக் கேட்டவர்கள் பலர் அங்கே இருந்தார்கள். யாழின் கட்டினைப் பற்றிக் கவலைப்பட்டவர் பெருமான் ஒருவரே. உண்மையான சுவைஞனுக்கு இலக்கணம் இதுதான். கலையில் மகிழ்வதோடு நில்லாமல், அக்கலை அழியாதிருக்க எது தேவையோ அதனைக் கண்டு செய்பவனே சுவைஞன். வாயிலில் நின்றவரை உள்ளே அழைத்தது முதற் செயல்; பலகை இடுவித்தது இரண்டாவது செயல். இவ்விரண்டும் சேர்ந்ததே பெருமானின் பாராட்டு.

அறுபத்து மூவரின் வரலாற்றைத் திறந்தால் அன்றாடக் கைத்தொழில்கள் எத்தனை! தில்லையில் மண்ணைக் குழைத்துத் திருவோடு செய்து அடியார்க்களித்தவர் திருநீலகண்டர். ஆடையும் கீளும் கோவணமும் நெய்து வழங்கியவர் நேச நாயனார். ஆனிரை மேய்த்துக்கொண்டே குழலில் திருவைந்தெழுத்தை ஊதியவர் ஆனாயர். திருப்புகலூர் முருக நாயனாரோ வைகறையில் நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகை மலரையும் வெவ்வேறு கூடைகளில் கொய்து, இண்டையாகவும் தாமமாகவும் கோவையாகவும் பிணையலாகவும் தொடையலாகவும் தொடுத்துச் சார்த்தினார். பூவை ஒரே கூடையில் அள்ளிப்போட்டால் என்ன கெட்டுவிடும்? பக்தியற்றவனுக்கு ஒன்றும் கெடாது. முருக நாயனாருக்கு எல்லாம் கெடும். அவருக்குக் கைந்நேர்த்தியும் வழிபாடும் ஒன்றே.

இத்தகைய கைந்நேர்த்தி பழங்கதையாகிப் போயிற்று என்று எண்ண வேண்டா. அண்மையில் உள்ள திருவில்லிபுத்தூர் வைணவத் திருப்பதியாயினும், அழகினைக் கண்டு வணங்குவதற்குச் சமய எல்லை இல்லை. அங்கே ஆண்டாள் நாச்சியாரின் இடத்திருக்கரத்தில் விளங்கும் கிளி, நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுவது. பச்சை இலைகளால் உடல், மாதுளம்பூவினால் அலகு, மூங்கிற் குச்சியால் கால். ஒரு கிளியைச் செய்து முடிக்க நான்கு மணி நேரத்திற்கு மேல் ஆகும் என்பர். நாளை அது வாடும் என்று தெரிந்தே இன்று செய்கிறார்கள். நாளையும் செய்வார்கள். என் தாயாரின் கோலமும் அவ்வாறே. நிலைத்து நிற்கும் கற்கோபுரத்தை அண்ணாந்து பார்க்க நாம் மறப்பதில்லை. ஒரு நாளே வாழும் அழகைத்தான் மறந்துவிடுகிறோம்.

இந்த மறதியிலிருந்து ஒரு பெரியார் விழித்த வரலாற்றையும் சொல்ல விரும்புகிறேன். 1877ஆம் ஆண்டு கொழும்பில், தமிழ்ச் சைவக் குடும்பத்தைச் சேர்ந்த சர் முத்துக்குமாரசுவாமிக்கும் ஓர் ஆங்கிலப் பெருமாட்டிக்கும் மகனாகப் பிறந்தவர் ஆனந்த குமாரசுவாமி. இங்கிலாந்தில் நிலவியல் பயின்று, இலங்கையின் கனிம ஆய்வுப் பணிக்குத் தலைமை ஏற்று, ஊர் ஊராகக் கல்லைத் தேடிச் சென்றார். கல்லைத் தேடிய கண்ணில் கைகள் பட்டன. குயவர் கை, நெசவாளர் கை, கொல்லர் கை! அக்கலைகள் ஆதரவின்றித் தேய்வதைக் கண்டு உள்ளம் நொந்தார். 1908இல் இலங்கைக் கைவினைகளைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். நம் ஆடல்வல்லானின் திருவுருவப் பொருளை மேலைநாட்டார்க்கு விளக்கிய அவருடைய கட்டுரைத் தொகுதி 1918இல் வெளிவந்தது. 1947இல் மறையும் வரை அவர் வலியுறுத்திய கருத்து, கலைஞர் என்பவர் தனியொரு பிறவியினர் அல்லர், தம் தொழிலைச் செவ்வனே செய்யும் ஒவ்வொருவரும் கலைஞரே என்பதாகும். தில்லைக் கூத்தனின் பொருளை உணர்ந்தவர்க்குக் குயவரின் சக்கரத்திலும் அக்கூத்துத் தெரிந்தது போலும்!

நிற்க. இன்று நம் நிலை என்ன? பல கோயில்களில் பூசை வேளையில் மின்விசையால் இயங்கும் கருவி முரசையும் மணியையும் ஒருங்கே முழக்குகிறது. விசையை அழுத்தினால் போதும். தவிற்காரருக்குச் சம்பளம் தர வேண்டியதில்லை. வாசலில் ஒட்டுக் கோலம். அதனை நாளும் இட வேண்டியதில்லை. நிலைப்படியில் நெகிழித் தோரணம். அது வாடுவதும் இல்லை, மணப்பதும் இல்லை. இவற்றை நாம் வசதி என்கிறோம். வாசிப்பவர் மகனுக்கு வாசிக்கக் கற்பிக்காமல் விட்டார் என்று பிறகு வருந்துகிறோம். கேட்பார் இல்லாத இசையை எந்தத் தந்தை தம் மகனுக்குக் கற்பிப்பார்? பாராட்டுவாரின்றியே பல கலைகள் தளர்கின்றன. யாழின் கட்டுத் தரையின் ஈரத்தால் தளரும். கலைஞனின் உள்ளமோ நம் அலட்சியத்தால் தளரும்.

ஆதலின் அன்பர்களே, நாம் இடக்கூடிய பலகைகள் சிலவற்றைச் சொல்லி முடிக்கின்றேன். கார்த்திகைக்கு அகல் வாங்கும்போது மண் அகலையே வாங்குங்கள். விலையைக் குறைத்துப் பேசாதீர்கள். மாலை தொடுத்தவரிடம், அது எவ்வகைத் தொடையல் என்று கேளுங்கள். கேட்பதே அவருக்குப் பெரிய சன்மானம். நாகசுரக்காரர் வாசிக்கும்போது ஒரு கீர்த்தனையாவது முடியும் வரை பேசாமல் நில்லுங்கள். கைத்தறி ஆடை ஒன்றேனும் ஆண்டுதோறும் எடுங்கள். இவற்றிற்கெல்லாம் பொன் வேண்டியதில்லை. பெருமான் கேட்டதும் பலகையைத்தான். அடியார்கள் தம் அன்பினால் அதனைப் பொன்னாக்கினார்கள்.

எல்லாவற்றிற்கும் முதலாக ஒன்றை நாளைக் காலையே செய்யலாம். வாசலைக் கடக்கும் முன் ஒரு நொடி நில்லுங்கள். கோலத்தைப் பாருங்கள். இட்டவர் தாயாகவோ, இல்லாளாகவோ, மகளாகவோ இருப்பார். நன்றாக இருக்கிறது என்று வாய் திறந்து சொல்லுங்கள். நான் சொல்லாமல் விட்ட சொல் அது. எனக்கு இனி அதைச் சொல்ல வாய்ப்பில்லை, உங்களுக்கு உண்டு.

காணும் கண்ணையும், கண்டதைப் போற்றும் நாவையும், போற்றியதைக் காக்கும் கையையும் நமக்கு அருளுமாறு ஆடல்வல்லான் திருவடிகளை வேண்டி அமைகின்றேன்.

திருச்சிற்றம்பலம்.