கோழையின் நிறம்

ஜலதோஷம் கண்ட சில நாளில் கோழை பச்சையாக மாறியதும், வைத்தியரைக் கேளாமலே மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி விழுங்கும் வழக்கம் நம்மிடையே பெருகியிருப்பது மிகவும் விசாரத்துக்குரியது. அந்தப் பச்சை, நோயை எதிர்த்துப் போரிடும் வெள்ளை அணுக்களில் உள்ள, இரும்புச் சத்துக் கலந்த ஒரு நொதியின் இயற்கை வர்ணமேயாதலால், வைரஸால் வரும் சாதாரண ஜலதோஷத்திலும் அது தோன்றக்கூடும். நிறத்தை மட்டும் கொண்டு கிருமியின் இனத்தை நிர்ணயிக்க இயலாது. ஆனால் துருவின் நிறம் நிமோனியாவையும், நுரைத்த இளஞ்சிவப்பு நுரையீரலில் நீர் கோத்திருப்பதையும் குறிக்கக்கூடுமாதலால், அவற்றில் க்ஷண நேரத் தாமதமும் கூடாது. ரத்தம் கலந்து வந்தாலோ, நிறம் எதுவாயினும் இருமல் இரண்டு வாரத்தைக் கடந்தாலோ, 1882-இல் ராபர்ட் காக் உலகுக்கு அறிவித்த காசநோய்க் கிருமி உண்டா என்று அரசாங்க ஆஸ்பத்திரியில் சளியைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.