திரும்பி வந்தவரும் மலை ஏறியவர்தான்

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவி, மருத்துவ உதவி, வரவு செலவு என்று பேசுவோம். இன்று ஒரு மலையைப் பற்றிப் பேசப் போகிறோம். மலை என்றால் வடக்கனந்தலில் இருக்கும் நமக்குக் கல்வராயன்தான். கோமுகி அணையில் நிற்கும் தண்ணீர் அந்த மலையில் பெய்த மழை. ஆனால் இன்றைய பேச்சு ஆப்பிரிக்காவில், தான்சானியா நாட்டில் உள்ள கிளிமஞ்சாரோ மலையைப் பற்றியது.

ஏன் என்று சொல்லிவிடுகிறோம். நமது ஊர்ப் பிள்ளை ஒருவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். கூட வேலை செய்யும் மூன்று நண்பர்களோடு அந்த மலைக்குப் போனார். உச்சியைத் தொடவில்லை. வழிகாட்டி திரும்பச் சொன்னார், திரும்பிவிட்டார். விடுப்பில் ஊருக்கு வந்தவரை நாம் எப்படி வரவேற்றோம்? "பாதி மலை" என்று பெயர் வைத்தோம். டீக்கடையில் மட்டுமல்ல, அறக்கட்டளை அலுவலகத்திலும் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தோம். நாங்களும் சிரித்தோம். அதை மறைப்பதற்கில்லை.

ஜும்ஆ முடிந்ததும் பிள்ளை யாரிடமும் பேசாமல் வீட்டுக்கு வந்துவிடுகிறான் என்று அவருடைய தாயார் வந்து சொன்ன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அவரைக் கூப்பிட்டு, இரண்டு நாள் அஸருக்குப் பிறகு உட்கார வைத்து முழுக் கதையையும் கேட்டோம். பேர் மட்டும் வேண்டாம் என்றார். மற்றதை அவர் சம்மதத்தோடு சொல்கிறோம்.

கிளிமஞ்சாரோ ஆப்பிரிக்காவிலேயே உயர்ந்த மலை. அதன் உச்சி 5,895 மீட்டர். நமது கல்வராயனின் உயரமான பகுதி ஏறத்தாழ 1,200 மீட்டர்தான். அப்படியானால் ஐந்து கல்வராயனை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய உயரம். உச்சிக்கு உஹுரு என்று பெயர். சுவாஹிலி மொழியில் விடுதலை என்று பொருள். அந்த மொழியில் அரபுச் சொற்கள் நிறைய உண்டு. நண்பனை அவர்கள் 'ரஃபீக்கி' என்கிறார்கள். மதரஸாவில் படித்த பிள்ளைகளுக்கு 'ரஃபீக்' என்றால் வழித்துணை என்று தெரியும்.

இந்த மலையில் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் யாரும் ஏற முடியாது. அது அந்த நாட்டுத் தேசியப் பூங்காவின் சட்டம். வழிகாட்டியோடு சமையல்காரரும் சுமை தூக்குவோரும் வருவார்கள். ஒருவர் தலையில் 20 கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்பதும் அங்கே விதி. நம் பிள்ளை சொன்னார்: "நாங்க சின்னப் பையோட மூச்சு வாங்கிட்டுப் போனோம் மாமா. அவங்க எங்க சாமானையும் சோத்துப் பானையையும் தலையில வச்சுக்கிட்டு எங்களைத் தாண்டிப் போனாங்க. எங்களைப் பார்த்து அவங்க சொன்ன ஒரே வார்த்தை 'போலே போலே'. மெதுவா, மெதுவான்னு அர்த்தம்."

இவர்கள் போனது மராங்கு பாதை. முதல் நாள் காட்டுக்குள் நடந்து சுமார் 2,700 மீட்டரில் உள்ள மண்டாரா குடிலில் தங்கல். நம் தென்னிந்தியாவின் உயரமான சிகரமாகிய ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். ஆனைமுடியின் உயரத்தில் முதல் இரவே படுத்துவிடுகிறார்கள். அடுத்த நாள் 3,700 மீட்டரில் ஹொரொம்போ குடில். அங்கே மரங்கள் இல்லை, புதர்கள்தான். அதற்கடுத்து 4,700 மீட்டரில் கிபோ குடில். அங்கே புல்லும் அரிது, கல்லும் மண்ணும்தான். அங்கிருந்து நள்ளிரவில் புறப்பட்டு, விடியும் நேரத்தில் மலை விளிம்பைத் தொட்டு, பிறகு உச்சிக்குப் போவது வழக்கம்.

ஹொரொம்போவில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டால் நல்லது என்று வழிகாட்டி முதலிலேயே சொன்னாராம். ஒரு நாள் கூடினால் செலவும் கூடும், விடுப்பும் போதாது. நான்கு பேரும் கலந்து பேசி, வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். தவறு அங்கேதான் நடந்தது என்று அவரே சொன்னார்.

உயரம் என்ன செய்யும் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். உஹுருவில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் நம் ஊரில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதிதான். நாள் கொடுத்தால் உடம்பு பழகிக்கொள்ளும். அவசரப்பட்டால் தலைவலி, வாந்தி, பசியின்மை, தூக்கமின்மை வரும். அந்த நிலையிலும் மேலே ஏறினால் நுரையீரலில் நீர் கோக்கலாம், மூளை வீங்கலாம். நடை தள்ளாடும், பேச்சுக் குழறும், புத்தி தடுமாறும். அப்புறம் உயிருக்கே ஆபத்து. இதற்கு முதல் மருந்து கீழே இறங்குவது. இளவயது, உடற்பயிற்சி, மன உறுதி எதுவும் இதைத் தடுக்காது. சொல்லப்போனால், பலசாலி வேகமாக நடப்பார். வேகமாக நடப்பவருக்குத்தான் சிக்கல் சீக்கிரம் வரும்.

அன்றிரவு கிபோ குடிலில் நம் பிள்ளைக்குத் தலைவலி. யாரிடமும் சொல்லவில்லை. வழிகாட்டி கொரோனா காலத்தில் நம் விரலில் மாட்டினார்களே, அதே கருவியை மாட்டிப் பார்த்தார். "கவனமா இரு" என்றார். நள்ளிரவில் புறப்பட்டார்கள். கடும் குளிர். பாட்டிலில் தண்ணீர் உறைந்துவிட்டது. 5,150 மீட்டர் அளவில் ஒரு குகை இருக்கிறது. அதை எட்டும்போது இவர் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தார். வழிகாட்டி இவரை நிறுத்தி, குதிகாலையும் விரலையும் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். நான்கு அடி வைப்பதற்குள் சாய்ந்தார். "உன் அம்மா பேர் என்ன?" என்று கேட்டார். "பேரு வாயில வரல மாமா" என்று எங்களிடம் சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. தாயாரும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

வழிகாட்டி வாதாடவில்லை. துணை வழிகாட்டி ஒருவரைக் கூப்பிட்டு, இவர் கையைப் பிடித்துக் கீழே அழைத்துப் போகச் சொன்னார். இவர் மறுத்தார், கெஞ்சினார், பணம் கட்டியிருக்கிறேன் என்று கத்தினார். அவர் சொன்னது இவ்வளவுதான்: மலை இங்கேயே இருக்கும், நீ வீட்டுக்குப் போக வேண்டும். பிற்பகலில் ஹொரொம்போவுக்கு இறங்கியபோது தலைவலி குறைந்தது, தாயாரின் பெயரும் நினைவுக்கு வந்தது. நான்கு பேரில் இருவர் உச்சியைத் தொட்டார்கள். இருவர் திரும்பினார்கள். நான்கு பேரும் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

இவர் திரும்பிய அந்தக் குகைக்கு ஹான்ஸ் மேயர் என்ற ஜெர்மானியரின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1889 அக்டோபரில் லுட்விக் புர்ட்ஷெல்லர் என்பவரோடு சேர்ந்து அந்த உச்சியை முதலில் தொட்டவராக வரலாறு அவரைத்தான் குறிக்கிறது. ஆனால் அவர் 1887-இல் பனியைத் தாண்ட முடியாமல் திரும்பினார். 1888-இலும் முயன்று நிறைவேறவில்லை. மூன்றாவது முறைதான் ஏறினார். அவரை யாராவது "பாதி மலை" என்கிறார்களா?

நம் பக்கத்துப் பிள்ளைகளையும் பாருங்கள். விருதுநகர் மாவட்டத்தின் முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதம் எவரெஸ்டில் ஏறினார். தமிழ்நாட்டிலிருந்து அதை எட்டிய முதல் பெண் அவர். கிளிமஞ்சாரோவிலும் ஏறியிருக்கிறார். தெலங்கானாவின் மாலாவத் பூர்ணா, அரசு சமூகநல உறைவிடப் பள்ளியில் படித்த பழங்குடிப் பிள்ளை, 2014-இல் 13 வயதில் எவரெஸ்டை எட்டினார். பிறகு கிளிமஞ்சாரோவிலும் ஏறினார். அந்தச் சிறுமி நேரே எவரெஸ்டுக்குப் போகவில்லை. பள்ளி கொடுத்த பயிற்சியில் புவனகிரிப் பாறையில் ஏறப் பழகி, இமயமலைப் பகுதியில் பயிற்சி பெற்று, ஒவ்வொரு படியாகப் போனார். ஏறியவர் பெயர் செய்தியில் வருகிறது. பயிற்றுநரும் வழிகாட்டியும் சுமை தூக்கியவரும் இல்லாமல் அந்தச் செய்தியே இல்லை.

இனி, கூட்டத்தில் சிலர் கேட்ட கேள்வி. "அவ்வளவு பணத்தை ஓர் ஏழைக் குமருக்குக் கொடுத்திருக்கலாமே, இது வீண்விரயம் இல்லையா?" நியாயமான கேள்வி. நாங்களும் கேட்டோம். ஜகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிட்டு, தங்கையின் படிப்புச் செலவையும் கட்டிவிட்டு, மூன்று ஆண்டுகள் சேர்த்த பணம் என்றார். அந்தப் பணத்தில் ஒரு பகுதி அங்கே சுமை தூக்கிய ஏழைக் குடும்பங்களின் கூலி. அவர் உழைத்துச் சேர்த்த ஹலாலான பணம். கடன் வாங்கியோ, வீட்டு நகையை வைத்தோ எவரும் மலைக்குப் போகக் கூடாது என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டு. அதைத் தாண்டி அவருடைய விடுப்புக்குக் கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு இல்லை.

அங்கே தொழுகையை விடவில்லை என்றும் சொன்னார். பயணிக்குரிய சலுகைப்படி சுருக்கித் தொழுதார்கள். நாம் மேற்கே பார்க்கிறோம், அங்கே கிப்லா வடக்கே. சுமை தூக்குவோரில் முஸ்லிம்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் இமாமாக நின்றாராம்.

நம் பேச்சு ஆப்பிரிக்காவோடு முடியவில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதன் பிறகுதான் நம் மாநிலத்தில் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன. இங்கேயோ, விடுமுறை வந்தால் நம் பிள்ளைகள் இரண்டு வண்டியில் ஆறு பேராகக் கல்வராயனுக்குப் போகிறார்கள். மேகம் அருவி, பெரியார் அருவி என்று வழுக்குப் பாறையில் ஏறுகிறார்கள். "பயமா இருக்கு" என்று ஒருவன் சொன்னால் மற்றவர்கள் கேலி செய்கிறார்கள். கேலிக்குப் பயந்து அவனும் ஏறுகிறான். அந்தக் கேலிக்கும் நாம் வைத்த "பாதி மலை"க்கும் வித்தியாசமில்லை. நாம் சிரித்ததைப் பார்த்து வளரும் பிள்ளை, நாளைக்குத் தலைவலியை மறைப்பான், பயத்தை மறைப்பான்.

ஆகவே அறக்கட்டளை நிர்வாகம் கூடிச் சில முடிவுகள் எடுத்திருக்கிறது. இன்ஷா அல்லாஹ், வரும் விடுமுறையில் நம் மாணவர்களை ஒரு நாள் கல்வராயனுக்கு அழைத்துப் போகிறோம். வனத்துறை அனுமதி பெற்ற பிறகே போவோம். மலையிலேயே பிறந்து வளர்ந்த ஒருவரை வழிகாட்டியாக வைப்போம். வழியில் அவர் சொல்தான் இறுதி, செயலாளர் சொல்லும் அதற்குக் கீழேதான். வியர்வை உலருமுன் கூலி என்பது நமக்குத் தெரிந்த போதனை. அன்று மாலையே அவர் கையில் கூலியைக் கொடுத்துவிட்டுத்தான் வண்டி ஏறுவோம். நபி (ஸல்) அவர்கள் பயணத்தில் கூட்டத்தின் பின்னால் வந்து, பலவீனமானவர்களை உடன் அழைத்து வருவார்கள் என்று படித்திருக்கிறோம். அதனால் பெரியவர் ஒருவர் கடைசியில் நடப்பார். முடியவில்லை என்று சொல்லும் பிள்ளையை ஒருவர் உடனே கீழே அழைத்து வருவார். அந்தப் பிள்ளையை எவரும் எதுவும் சொல்லக் கூடாது. பெற்றோர் வீட்டிலேயே இதைச் சொல்லி அனுப்ப வேண்டும்.

கடைசியில் நடக்கப் போகும் அந்தப் பெரியவர் யார் என்று நேற்று பேசினோம். நம் பிள்ளை தானாகவே, "நான் வர்றேன் மாமா, மெதுவா நடக்க எனக்குத் தெரியும்" என்றார். விடுப்பு முடிய இன்னும் ஆறு வாரம் இருக்கிறதாம்.

அவர் இன்று இங்கே பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது அவரிடம் போய் ஸலாம் சொல்லுங்கள். மலையைப் பற்றிக் கேளுங்கள். அந்தப் பழைய பெயரை மட்டும் இனி யாரும் சொல்ல வேண்டாம். முதலில் சிரித்தவர்கள் என்ற முறையில், முதலில் மன்னிப்புக் கேட்பவர்களும் நாங்களே.

வஸ்ஸலாம்.