செக் வந்தால் கணக்கை நிறுத்தாதே

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

நம் புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு 'எஷெக்' என்ற சொல் தெரியும். தோல்வி என்றும் பொருள். செஸ்ஸில் ராஜாவுக்கு வைக்கிற செக் என்றும் பொருள். அந்த செக்கைக் கம்ப்யூட்டர் எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதைத்தான் கொஞ்சம் சொல்லப்போகிறேன்.

சாதாரண நிலையில் ஏறத்தாழ 35 நகர்த்தல்கள் சாத்தியம். ஒவ்வொன்றுக்கும் 35 பதில். நாலே அடியில் கணக்கு 15 லட்சத்தைத் தாண்டிவிடும். ஆகவே புரோகிராம் எங்காவது நிறுத்தி, காய்களை எண்ணித்தான் ஆகவேண்டும். எங்கே நிறுத்துவது? வம்பே அங்கேதான்.

2013 நவம்பர் 21. சென்னையில் உலக சாம்பியன் போட்டி, ஒன்பதாவது ஆட்டம். நம் ஆனந்த், கார்ல்சனைவிட இரண்டு புள்ளி பின்தங்கியிருக்கிறார். கையில் வெள்ளைக் காய். யானையை எச்4-க்குக் கொண்டுவந்து, எச்7-இல் ராணியால் மேட் செய்வது திட்டம். அந்த நேரம் கார்ல்சனின் சிப்பாய் பி1-இல் ராணியாகி செக் சொல்கிறது.

இங்கே நிறுத்தி எண்ணினால் கறுப்புக்கு ஒரு ராணி அதிகம். கதை முடிந்தது என்று தோன்றும். ஆனால் வெள்ளையின் மேட் மிரட்டல் அப்படியே இருக்கிறதே! இதற்காகவே புரோகிராம் எழுதுபவர்கள் ஒரு விதி வைத்தார்கள்: ராஜா செக்கில் இருக்கும்போது நிறுத்தாதே, இன்னும் ஓர் அடி போ. செலவும் அதிகமில்லை. அந்த நிலையில் ஆனந்துக்கு இருந்தவை நாலே நாலு பதில். ராஜா எஃப்2-க்கு ஒதுங்கலாம். அல்லது யானை, பிஷப், குதிரை மூன்றில் ஒன்றை எஃப்1-இல் குறுக்கே வைக்கலாம்.

ஆனந்த் குதிரையை வைத்தார். அது நின்ற ஜி3 காலியானது. கார்ல்சன் புது ராணியை இ1-க்கு நகர்த்தினார். அங்கிருந்து எச்4 வரை குறுக்குவழி திறந்து கிடந்தது. யானை அங்கே வந்தால் வெட்டு. ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டார். பிஷப்பை வைத்திருந்தால் குதிரை அந்த வழியை அடைத்தபடியே நின்றிருக்கும். டிராவுக்கு இடம் இருந்தது. மறுநாள் பட்டம் கைமாறியது.

அதற்காக ஆனந்தைவிடக் கம்ப்யூட்டர் புத்திசாலியா? நாலையும் சலிக்காமல் பார் என்று மனிதன் எழுதிய விதியை அது செய்கிறது, அவ்வளவுதான். சொந்த ஊர் ஜனங்கள் பார்க்கிறார்களே என்ற பதற்றம் அதற்குக் கிடையாது. அந்த விதிக்கும் ஒரு வரம்பு உண்டு. செக் மேல் செக் வந்துகொண்டே இருந்தால் கணக்கு முடியாதல்லவா? எனவே நீட்டுவதற்கும் எல்லை வைக்கிறார்கள்.

2024-இல் 18 வயதில் உலக சாம்பியனான சென்னை குகேஷ், ஆரம்ப ஆண்டுகளில் கம்ப்யூட்டர் துணை இல்லாமலே பயிற்சி எடுத்தவர். முதலில் தன் மூளையால் கணக்குப் போடப் பழகினார். இயந்திரம் பிறகு வந்தது.

தம்பி தங்கைகளே, நெருக்கடி வந்தால் நாம் முதலில் கைவிடுவது யோசனையைத்தான். நிஜத்தில் அப்போது வழிகள் குறைவு, எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். பார்த்துவிட்டுக் காயைத் தொடுங்கள்.